முதிய மருத்துவர்

போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சா, விஸ்துலா ஆற்றங்கரையில் அமைந்த தொன்னகரம். அந்நாட்டின் மேற்கே ஜெர்மனியும் கிழக்கே ரஷ்யாவும் இருந்தன. இடையே கிடந்ததோ பரந்த சமவெளி. மலையரண் இல்லாத நாடாதலின், படையெடுத்து வந்தோர்க்கெல்லாம் அது வழியாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதனைத் துண்டாடிப் பங்கிட்டுக்கொண்டன. அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாகப் போலந்து தன்னுரிமையின்றி வாழ்ந்தது. அங்கே ஒரு தலைமுறையினர் கண்ட போரை மறந்து முடிப்பதற்குள் அடுத்த தலைமுறையினர்க்கு வேறொரு போர் வந்து சேர்ந்தது. போர்க்களத்தில் நின்ற படைத்தலைவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசும். அப்போர்களின் நடுவே பிறந்து வளர்ந்த சிறுவர் சிறுமியரைப் பற்றி ஓரிரு வரிகளே சொல்லும். அச்சிறுவர்களுக்கென்றே வாழ்ந்து, அவர்களுக்காகக் கதைகள் எழுதி, முடிவில் அவர்களோடு கைகோத்துச் சென்ற மருத்துவர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

அவருடைய இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட் என்பது. வார்சாவில் வாழ்ந்த யூதக் குடும்பம் ஒன்றில், ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் அவர் பிறந்தார். ஆண்டு 1878 ஆகவும் இருக்கலாம், 1879 ஆகவும் இருக்கலாம். தந்தையார் ஒரு வழக்கறிஞர், சட்டம் நன்கறிந்தவர். ஆயினும் தம் மகனின் பிறப்பைப் பதிவு செய்வதில் காலம் தாழ்த்திவிட்டார். ஆகவே தம் அகவையைக் கூறுவதில் அவர்க்கே வாழ்நாள் முழுதும் ஓர் ஐயம் இருந்தது.

குடும்பம் செல்வமுடையது. வீட்டு முற்றத்தில் விளையாடும் ஏழைச் சிறுவர்களோடு சேரலாகாது என்று சிறுவனைப் பெற்றோர் தடுத்துவந்தனர். அவன் சன்னலருகே நின்று அவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய மனத்தில் தோன்றிய எண்ணங்களைக் கேட்பதற்குப் பாட்டி ஒருத்தியே இருந்தாள். உலகத்திலுள்ள பணத்தையெல்லாம் எறிந்துவிட்டால் ஏழைச் சிறுவர் இல்லாமற் போவர் அன்றோ என்று ஐந்து வயதில் அவன் அப்பாட்டியிடம் ஒரு திட்டம் கூறினான். எறிந்தபின் என்ன செய்வது என்பது அவனுக்குத் தெரியவில்லை. அதனை ஆராய்ந்து முடிவு கூறிய பெரியோரும் இன்றுவரை இல்லை.

அதே வயதில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. அவன் ஆசையோடு வளர்த்துவந்த கானரிப் பறவை இறந்துபோயிற்று. அதனை ஒரு சிறு பெட்டியில் பஞ்சினிடையே வைத்து, முற்றத்து மரத்தடியில் புதைத்து, அதன்மேல் ஒரு சிலுவையை நடவேண்டும் என்று அவன் விரும்பினான். பறவைக்குச் சிலுவை நடுதல் தகாது என்று வீட்டுப் பணிப்பெண் தடுத்தாள். அப்பொழுது அங்கு வந்த வாயிற்காவலனின் மகன், அது யூதப் பறவை ஆதலின் சிலுவை கூடாது என்றும், அவனும் யூதனே என்றும் கூறினான். அதுவரை தான் இன்னான் என்பதைப் பற்றிச் சிறுவன் எண்ணிப் பார்த்ததில்லை. இறந்த பறவைக்கும் சமயம் ஒன்று உண்டு என்பதையும், அதனால் மனிதர் வேறுபடுவர் என்பதையும் அவன் அன்றுதான் அறிந்தான். அறுபதாண்டு நிறைந்த முதுமையில், மதிலுக்குள் அடைபட்டிருந்த நாளில், அவர் இந்நிகழ்ச்சியை நினைந்து தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

வார்சா அக்காலத்தில் ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பள்ளியில் பாடங்கள் ரஷ்ய மொழியில் நடந்தன. போலிஷ் மொழி பேசும் சிறுவர் தம் தாய்மொழியை வீட்டில் மட்டுமே தடையின்றிப் பேச முடிந்தது. முதன்முதல் அவர் சென்ற பள்ளியில் ஆசிரியர் ஒரு மாணவனைப் பிரம்பால் அடிக்கும் காட்சியைக் கண்டு நடுங்கினார். அந்நடுக்கம் நெடுநாள் நீங்கவில்லை. இதற்கிடையே தந்தையார்க்கு மனநோய் கண்டது. மருத்துவத்தில் பொருளெல்லாம் கரைந்தது. 1896ஆம் ஆண்டில் அவர் காலமானார். தாயையும் உடன்பிறந்தாளையும் காப்பாற்றும் பொறுப்பு, படித்துக்கொண்டிருந்த மகன்மீது விழுந்தது. வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அவர் பொருளீட்டினார்.

1898ஆம் ஆண்டில் வார்சாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே ஒரு நாடகப் போட்டிக்கு எழுதி அனுப்புங்கால், போலிஷ் நாவல் ஒன்றின் தலைவன் பெயரைத் தழுவி யானுஷ் கோர்ச்சாக் என்று தமக்குப் புனைபெயர் சூட்டிக்கொண்டார். இயற்பெயர் மறைந்து புனைபெயரே உலகில் நின்றுவிட்டது. நாமும் இனி அப்பெயராலேயே அவரைக் குறிப்போம்.

மருத்துவப் பட்டம் பெற்றவுடனே அவரைப் போர் அழைத்தது. 1904ஆம் ஆண்டில் ரஷ்யாவும் ஜப்பானும் மஞ்சூரியாவில் பொருதன. ரஷ்யப் படையின் மருத்துவராகக் கோர்ச்சாக் அங்கு அனுப்பப்பட்டார். காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் புகைவண்டியிலும், ஹார்பின் நகரிலும் அவர் பணிசெய்தார். அவர் கண்ட முதற்போர் அது. அதன்பின் அவர் காணவேண்டிய போர்கள் இன்னும் மூன்று இருந்தன.

போர் முடிந்து திரும்பியவர் வார்சாவில் குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் ஏறத்தாழ ஏழாண்டுகள் பணியாற்றினார். செல்வர் இல்லத்திற்குச் சென்றால் மிகுதியாகக் கட்டணம் பெறுவார்; ஏழையர் குடிலுக்குச் சென்றால் பெயரளவிற்கே பெறுவார். நகரத்தில் அவர் புகழ் வளர்ந்தது. தொழிலில் அவ்வாறே நின்றிருந்தால் பெருஞ்செல்வராகியிருப்பார். ஆயினும் அவர்க்கு உள்ளத்தில் அமைதி இல்லை. நோய் தீர்ந்த குழந்தை மீண்டும் அதே இருண்ட அறைக்கும் அதே பசிக்கும் திரும்பிச் சென்றது. சில திங்களில் மீண்டும் நோயுற்று வந்தது. மருந்து மட்டும் போதாது என்பதை அவர் தெளிந்தார்.

1912ஆம் ஆண்டில் குரோக்மால்னா என்னும் தெருவில் 92ஆம் எண்ணுள்ள மனையில் யூத அனாதைச் சிறுவர்க்கென நான்கடுக்கு இல்லம் ஒன்று எழுந்தது. அதன் தலைமையைக் கோர்ச்சாக் ஏற்றார். ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் அவர்க்குத் துணைநின்றார். வரவு செலவு, சமையல், துணி, படுக்கை ஆகிய அனைத்தையும் கவனித்து, நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அன்னையாய் விளங்கியவர் அவ்வம்மையாரே. கோர்ச்சாக்கின் புகழைப் பேசுவோர் பலர் அவரை மறந்துவிடுகின்றனர், அது முறையன்று.

அவ்வில்லம் மற்ற அனாதை விடுதிகளைப் போன்றதன்று. அங்கே பிள்ளைகளுக்கென ஒரு நீதிமன்றம் இருந்தது. வாரந்தோறும் அது கூடும். அவ்வாரத்தில் தம்மேல் வழக்கு எதுவும் இல்லாத பிள்ளைகளிலிருந்து ஐவரைச் சீட்டுப்போட்டு நடுவராகத் தேர்ந்தெடுப்பர். எவன் எவனை அடித்தான், எவள் பென்சிலை எவள் எடுத்தாள், உறங்கும் நேரத்தில் கூச்சலிட்டவன் யார் என்பன போன்ற வழக்குகள் அங்கு வரும். தீர்ப்புக்கென்று கோர்ச்சாக் ஒரு சட்டநூல் எழுதியிருந்தார். அதன் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பையே கூறுவன. நூறாம் பிரிவுதான் குற்றம் உண்டு என்று முதன்முதற் கூறும். அதன்மேல் நூறு நூறாக உயர்ந்து செல்லும் பிரிவுகளில் இறுதியானது ஆயிரம். அஃது இல்லத்தைவிட்டு நீக்குவது. அதனை வழங்க நேர்ந்தது மிக அரிது.

இம்மன்றத்தில் ஆசிரியர்மீதும் வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக்கே தம்மீது தாமே வழக்குத் தொடுத்துக்கொண்டது உண்டு. அரையாண்டுக் காலத்தில் ஐந்துமுறை அவர் குற்றவாளியாக நின்றார். ஒரு சிறுவனின் செவியில் அறைந்தது ஒரு வழக்கு. ஒரு சிறுமியைத் திருடி என்று ஐயுற்றது மற்றொன்று. சிறுவயது நடுவர்கள் கூடி ஆராய்ந்து அவரை மன்னித்தனர். பெரியவர் ஒருவர் சிறுவர் முன் நின்று தம் பிழையை ஒப்புக்கொள்ளும் அவ்வழக்கம், அக்காலத்து ஆசிரியர் பலர்க்கு வியப்பையும் சிலர்க்குச் சினத்தையும் தந்தது.

இல்லத்தில் ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது. கண்டெடுத்த பொருள்களை அதில் வைப்பர். ஒரு துண்டுக் கயிறு, உடைந்த ஆணி, நிறமுடைய கூழாங்கல், பொத்தான் ஆகியவை அதில் இருக்கும். பெரியோர் கண்ணுக்கு அவை குப்பை, உடையவனுக்கோ செல்வம். அதனால் அவற்றைக் குப்பையில் எறியும் உரிமை எவர்க்கும் இல்லை. பிள்ளைகளின் பாற்பல் விழுந்தால் மருத்துவர் காசு கொடுத்து அதனை வாங்கிக்கொள்வார். சண்டையிடும் பழக்கமுள்ளவன் ஒருவன், இவ்வாரம் இத்தனை முறைக்குமேல் சண்டையிடமாட்டேன் என்று அவரோடு பந்தயம் கட்டலாம். வென்றால் மிட்டாய் கிடைக்கும். வென்றானா தோற்றானா என்பதை அவனே நேர்மையாகக் கூறவேண்டும். வேறு சான்று கேட்கப்படுவதில்லை.

இரண்டாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. கோர்ச்சாக் மீண்டும் ரஷ்யப் படை மருத்துவராகச் செல்ல நேர்ந்தது. இல்லத்தின் சுமையை ஸ்டெஃபானியா தனியே தாங்கினார். பீரங்கி முழக்கத்தினிடையே, படை மருத்துவமனைகளில் கிடைத்த ஓய்வுநேரங்களில், குழந்தையை எவ்வாறு நேசிப்பது என்பது பற்றிக் கோர்ச்சாக் ஒரு நூல் எழுதினார். சுற்றிலும் மனிதர் மடிந்துகொண்டிருக்க, கைக்குழந்தையின் முதற்சிரிப்பைப் பற்றியும் உறக்கத்தைப் பற்றியும் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

1918ஆம் ஆண்டில் போலந்து விடுதலை பெற்றது. ஆயினும் அமைதி வரவில்லை. புதிய போலந்துக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் போர் மூண்டது. இம்முறை போலிஷ் படை மருத்துவமனையில் அவர் பணிசெய்தார். அங்கே அவரை டைபஸ் காய்ச்சல் பற்றியது. நினைவிழந்து கிடந்த மகனுக்கு முதிய அன்னையார் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார். மகன் பிழைத்தார், அந்நோய் தொற்றித் தாய் 1920ஆம் ஆண்டில் இறந்தார். இத்துயரம் கோர்ச்சாக்கின் உள்ளத்தில் ஆறாத புண்ணாயிற்று. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தமக்கென்று பிள்ளை பெறவும் இல்லை.

மூன்று போர்களைக் கண்டபின்னரே அவர் தம் புகழ்பெற்ற சிறுவர் நாவலாகிய முதலாம் மாத்தியூஷ் மன்னன் கதையை எழுதினார். அது 1923ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நூலின் முகப்பில் தம் சிறுவயதுப் படத்தையே அவர் அச்சிடச் செய்தார். எழுத்தாளரும் அரசரும் ஒருகாலத்தில் சிறுவராயிருந்தவரே என்பதைப் படிக்கும் பிள்ளைகள் அறியவேண்டும் என்பது அவர் எண்ணம்.

தாயை இழந்த மாத்தியூஷ் தந்தையையும் இழந்து, சிறுவனாகவே அரியணை ஏறுகிறான். எழுதப் படிக்கவும் அவன் இன்னும் செவ்வையாகக் கற்கவில்லை. அண்டை நாட்டு மன்னர் மூவர் அவன் நாட்டின்மேல் போர் தொடுக்கின்றனர். அமைச்சர்கள் அவனிடம் ஒன்றும் கூறாமல் தாமே எல்லாவற்றையும் நடத்துகின்றனர். சினங்கொண்ட சிறுமன்னன், பெலெக் என்னும் தோழனோடு இரவில் அரண்மனையைவிட்டு வெளியேறி, பெயரை மறைத்துக்கொண்டு படையில் சேர்கிறான். மன்னனைக் காணாத அமைச்சர்கள் அவனைப் போன்ற பீங்கான் பொம்மை ஒன்றைச் செய்வித்து, அதனை வண்டியில் வைத்து ஊர்வலம் விட்டு மக்களை ஏமாற்றுகின்றனர். மாத்தியூஷோ, வெண்குதிரைமேல் வாளுயர்த்திப் பாய்ந்து செல்வதே போர் என்று எண்ணியிருந்தவன். களத்தில் அவனுக்குக் கிடைத்தது மண்வெட்டி. மழையில் நனைந்து, சேற்றில் நின்று, நாள்தோறும் பதுங்குகுழி தோண்டுவதே அவன் கண்ட போர். பசி, பேன், அச்சம், காத்திருத்தல் ஆகிய இவையே அங்கு மிகுதி. போரை நேரிற் கண்ட ஒருவரே இவ்வாறு எழுதமுடியும். வெற்றி முரசையும் வீரச்சாவையும் மட்டுமே சிறுவர்க்குக் கூறிவந்த அக்காலத்துக் கதைகளிலிருந்து இஃது எவ்வளவோ வேறுபட்டது.

போர் முடிந்து திரும்பிய மாத்தியூஷ் சீர்திருத்தம் செய்யப் புகுகிறான். பிள்ளைகளுக்கெல்லாம் சாக்கலேட் வழங்குகிறான். பிள்ளைகளின் பாராளுமன்றம் அமைக்கிறான்; அவர்களுக்குப் பச்சைக் கொடி ஒன்றையும் தருகிறான். முடிவில் பெரியோர் பள்ளிக்குச் செல்ல, பிள்ளைகள் தொழிலகங்களையும் புகைவண்டிகளையும் நடத்தத் தொடங்குகின்றனர். நாடு நிலைகுலைகிறது. பகைவர் மீண்டும் வருகின்றனர். தோற்ற மன்னனைக் கொலைக்களத்திற்கு நகர வீதிகள் வழியே நடத்திச் செல்கின்றனர். அவன் தலைநிமிர்ந்து செல்கிறான். இறுதி நொடியில் தண்டனை மாற்றப்பட்டுத் தனித்தீவுக்கு அனுப்பப்படுகிறான். பிள்ளைகள் ஆண்டால் எல்லாம் நன்றாகிவிடும் என்று கோர்ச்சாக் பொய் கூறவில்லை. நல்லெண்ணமுடைய சிறுவனும் தவறு செய்வான், தோற்பான் என்பதையே கூறினார். அதனாலேயே பிள்ளைகள் அக்கதையை நம்பினர்.

அடுத்த ஆண்டுகளை விரைந்து கடப்போம். 1926ஆம் ஆண்டில் பிள்ளைகளே எழுதும் சிறு செய்தித்தாள் ஒன்றை அவர் தொடங்கினார். நாட்டின் பல ஊர்களிலிருந்தும் சிறுவர் சிறுமியர் அதற்குக் கடிதம் எழுதினர். 1939ஆம் ஆண்டுவரை அது வெளிவந்தது. 1930களின் நடுவில் வானொலியில் முதிய மருத்துவர் என்னும் பெயரில் அவர் பேசத் தொடங்கினார். அவருடைய மெல்லிய குரலைக் கேட்கப் பிள்ளைகளும் பெற்றோரும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்தனர். ஆனால் அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் யூதர்மீது வெறுப்பு வளர்ந்துகொண்டிருந்தது. போலந்தும் அதற்கு விலக்கன்று. 1936ஆம் ஆண்டில் அப்பேச்சு நிறுத்தப்பட்டது.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்தன. கோர்ச்சாக் தம் பழைய போலிஷ் படையுடையை எடுத்து அணிந்துகொண்டார். நான்கு வாரங்களில் வார்சா வீழ்ந்தது. யூதர் யாவரும் தாவீதின் விண்மீன் பொறித்த கைப்பட்டை அணிந்தே வெளியில் வரவேண்டும் என்று வெற்றிபெற்றோர் ஆணையிட்டனர். கோர்ச்சாக் அதனை அணிய மறுத்தார். 1940ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், நகரத்தின் ஒரு பகுதியை மதிலால் வளைத்து, அதற்குள் யூதரையெல்லாம் அடைத்தனர். கெட்டோ எனப்பட்ட அவ்வடைப்புக்குள் 4,00,000க்கு மேற்பட்ட மக்கள் நெருக்கப்பட்டனர். அனாதை இல்லமும் தன் பழைய மனையை விட்டு உள்ளே செல்லவேண்டியதாயிற்று.

பிள்ளைகள் வரிசையாகச் சென்ற அந்நாளில், அவர்களுக்கெனக் கொண்டுசென்ற உருளைக்கிழங்கு வண்டி ஒன்றைக் காவலர் பறித்துக்கொண்டனர். கோர்ச்சாக் அதனைத் திரும்பக் கேட்பதற்காக ஜெர்மானிய அதிகாரிகளிடம் சென்றார். அணிந்திருந்ததோ போலிஷ் படையுடை. கையில் பட்டை இல்லை. அவரை அடித்துப் பாவியாக் சிறையில் தள்ளினர். பழைய மாணவர்கள் பொருள் திரட்டிக் கொடுத்து, ஏறத்தாழ ஒரு திங்களுக்குப்பின் அவரை மீட்டனர். உருளைக்கிழங்கு கிடைக்கவில்லை.

மதிலுக்குள் பசியும் நோயும் ஆண்டன. வழியோரங்களில் மக்கள் மடிந்து கிடந்தனர். இரண்டாண்டுகளுக்குள் அங்கே பசியாலும் நோயாலும் மாண்டோர் 80,000க்கு மேற்பட்டவர். இல்லத்தில் அப்போது ஏறத்தாழ 200 பிள்ளைகள் இருந்தனர். அறுபதைக் கடந்த மருத்துவர், உடல் நலிந்து, கால் வீங்கிய நிலையில், நாள்தோறும் தோளில் பையோடு புறப்பட்டு வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளைகளுக்கு உணவு வேண்டினார். எதைப் பெற்று வந்தாலும் பகிர்ந்தளித்தார். வாரந்தோறும் பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். அதனை அங்கும் கைவிடவில்லை. பாடங்கள் நடந்தன, நீதிமன்றம் கூடியது, இசையும் நாடகமும் நிகழ்ந்தன. வெளியே உலகம் நெறிகெட்டுப் போயிருந்தது. அம்மனைக்குள் மட்டும், பென்சில் திருடியவனுக்கு முறையான வழக்கும் தீர்ப்பும் இருந்தன.

அந்நாட்களில் நிகழ்ந்த நாடகம் ஒன்று நம் நாட்டோடு தொடர்புடையது. 1942ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அவ்வில்லத்துப் பிள்ளைகள் இரவீந்திரநாத தாகூரின் தபால் நிலையம் என்னும் நாடகத்தைப் போலிஷ் மொழியில் நடித்தனர். வங்கமொழியில் 1912ஆம் ஆண்டு வெளியான நாடகம் அது. அமல் என்னும் சிறுவன் நோயுற்றிருக்கிறான். வெளியே செல்லலாகாது என்று மருத்துவர் கட்டளை. அவன் சன்னலருகே அமர்ந்து, தெருவிற் செல்லும் தயிர்க்காரனோடும் காவற்காரனோடும் பூப்பறிக்கும் சிறுமியோடும் பேசுகிறான். மலைகளுக்கு அப்பால் செல்வதாகக் கனவு காண்கிறான். எதிரே புதிதாகத் திறந்த தபால் நிலையத்திற்கு அரசனிடமிருந்து தனக்கொரு கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். முடிவில் அரச மருத்துவர் வந்து கதவு சன்னல்களையெல்லாம் திறக்கச் செய்கிறார், சிறுவன் உறங்கிப்போகிறான். மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு இக்கதையை விளக்க வேண்டுவதில்லை. ஏழைச் சிறுவர் விளையாட்டைச் சன்னல்வழியே பார்த்துநின்ற கோர்ச்சாக்குக்கும் அது புதிதன்று. மரணத்தை அஞ்சாமல் எதிர்கொள்ளப் பிள்ளைகள் அறியவேண்டும் என்பதற்காகவே அவர் இந்நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பர்.

நான்கு நாள் கழிந்தது. ஜூலை 22ஆம் நாள், கோர்ச்சாக்கின் பிறந்தநாளன்று, கெட்டோவிலிருந்த மக்களைக் கிழக்கே கொண்டுசெல்லும் பணி தொடங்கிற்று. குடியேற்றம் என்பது அதற்கு இட்ட பெயர். கொண்டுசென்ற இடமோ திரெப்லிங்கா. கொல்வதற்கென்றே அமைத்த முகாம். இரண்டு திங்களுக்குள் 2,50,000க்கு மேற்பட்டோர் அவ்வாறு வார்சாவிலிருந்து அனுப்பப்பட்டனர்.

கோர்ச்சாக் தப்பியிருக்கலாம். மதிலுக்கு வெளியே அவர்க்குப் போலிஷ் நண்பர் பலர் இருந்தனர். இகோர் நெவெர்லி என்னும் எழுத்தாளர், முன்பு அவரிடம் பணிசெய்தவர், வேற்றுப்பெயரில் சான்றிதழ் ஒன்றை ஏற்பாடு செய்து அவரை வெளிக்கொணர முயன்றார். 200 பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருவர் எவ்வாறு வெளியேறுவது என்பது கோர்ச்சாக்குக்கு விளங்கவேயில்லை. அழைத்த நண்பரை அவர் வியப்போடு நோக்கினார். ஸ்டெஃபானியாவும் அத்தகையவரே. போருக்குமுன் பாலஸ்தீனம் சென்று தங்கியிருந்த அவ்வம்மையார், போர்மேகம் சூழ்ந்த 1939ஆம் ஆண்டில் பிள்ளைகளுக்காகவே வார்சாவுக்குத் திரும்பி வந்திருந்தார்.

ஆகஸ்டு 4ஆம் நாள் காலையில் கோர்ச்சாக் சன்னலருகே இருந்த செடிகளுக்கு நீர் ஊற்றினார். தெருவில் துப்பாக்கியோடு நின்ற ஜெர்மானிய வீரன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஊரில் பள்ளியாசிரியனாக இருந்தவனோ, வேறு தொழில் செய்தவனோ, கையசைத்தால் என்ன செய்வானோ என்றெல்லாம் அவர் எண்ணினார். நாட்குறிப்பில் அவர் எழுதிய கடைசிச் செய்தி அதுவே. தம்மைக் கொல்ல வந்தவனையும் ஒருகாலத்தில் ஒரு தாயின் மடியில் இருந்த குழந்தையாகவே அவர் கண்டார் போலும்.

மறுநாட்காலையில் காவலர் வந்து இல்லத்தைச் சூழ்ந்தனர். பிள்ளைகள் காலையுணவை முடித்திருந்த நேரம். சில நிமிடங்களே கிடைத்தன. ஸ்டெஃபானியாவும் மற்றப் பணியாளரும் பிள்ளைகளை அணிவகுத்து நிறுத்தினர். சிறுவர் தூய ஆடை அணிந்திருந்தனர். மிகச் சிறிய பிள்ளைகளின் கைகளைப் பற்றிக்கொண்டு கோர்ச்சாக் முன்னே நடந்தார். கெட்டோவின் வடகோடியில் இருந்த புகைவண்டி மேடைவரை, கோடை வெயிலில், அவ்வரிசை கலையாமல் சென்றது. மாத்தியூஷின் பச்சைக்கொடியை ஒரு சிறுவன் ஏந்திச் சென்றான் என்று கண்டோர் சிலர் கூறினர். வேறு சிலர் கொடியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அழுகுரல் எழவில்லை என்பதில் பலர் ஒத்துள்ளனர். ஒவ்வொரு நாளும் மக்கள் துரத்தப்பட்டு ஓடுவதையே கண்டு பழகிய தெரு, அன்று அணிவகுத்துச் சென்ற குழந்தைகளைக் கண்டு வாயடைத்து நின்றது. பிள்ளைகளோடு கோர்ச்சாக்கும் ஸ்டெஃபானியாவும் பணியாளரும் சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டனர். திரெப்லிங்காவிலிருந்து அவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

கோர்ச்சாக்கின் நாட்குறிப்பு மதிலைக் கடந்து நெவெர்லியின் கைக்கு வந்தது. வார்சாவின் புறநகரில், கோர்ச்சாக்கின் துணையோடு நடந்துவந்த மற்றோர் அனாதை இல்லத்தின் சுவருக்குள் அதனை வைத்துச் செங்கல்லால் மூடினர். நகரம் எரிந்து தரைமட்டமாயிற்று, சுவர் நின்றது. 1958ஆம் ஆண்டில் அந்நாட்குறிப்பு அச்சில் வந்தது. குழந்தைகளின் உரிமைகளுக்கென உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்யவேண்டும் என்று 1978ஆம் ஆண்டில் முதன்முதல் வேண்டியது போலந்து நாடே. 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை அதனை ஏற்றது.

திரெப்லிங்காவில் இன்று முகாம் இல்லை. பைன் மரங்களின் நடுவே ஒரு வெட்டவெளி. அதில் 17,000 கற்கள் நிற்கின்றன. அங்கே மாண்டோர் வாழ்ந்த ஊர்களின் பெயர்களே கற்கள் சிலவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே ஒரு கல்லில் மட்டும் மனிதர் பெயர் இருக்கிறது. அதில் யானுஷ் கோர்ச்சாக் என்று எழுதி, அதனையடுத்துக் குழந்தைகளும் என்று எழுதியிருக்கிறார்கள்.